தின்றாலும் பயமில்லாத வண்ணம்: சமையலறையில் ஒரு வேதியியல் பாடம்

பள்ளி விடுமுறை வந்தால், வீட்டில் இருக்கும் மூன்று வயதுத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல வேளைகளில் உங்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்கு வண்ணம் தீட்டப் பிடிக்கும். தீட்டிய விரலை அப்படியே வாயில் வைக்கவும் பிடிக்கும். ஆகவே வாயில் போனாலும் கெடுதல் செய்யாத வண்ணக்குழம்பை நாமே செய்தால் என்ன? செய்யலாம். அதற்கு முன், வண்ணக்குழம்பு என்பது என்னவென்று பார்ப்போம்.

சுவருக்குப் பூசும் சாயமானாலும் சரி, ஓவியர் குழைக்கும் வண்ணமானாலும் சரி, அடிப்படையில் மூன்று பொருள்கள் தேவை. நிறம் தரும் நிறமி, நிறமியைப் பரப்பில் ஒட்டவைக்கும் பிணைப்பான், இரண்டையும் தூரிகையால் தடவ உதவும் திரவம். நம் சமையலறையில் நிறமி மஞ்சள்தூள், பிணைப்பான் சோளமாவு, திரவம் தண்ணீர்.

மூன்று மேசைக்கரண்டி சோளமாவை ஒரு கிண்ணம் (250 மில்லிலிட்டர்) குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, சிறு தீயில் கிளறுங்கள். அடுப்பு வேலை உங்களுடையது; தம்பி தள்ளி நிற்கட்டும். முதலில் பால்போல வெண்மையாக இருக்கும் கரைசல், ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸை எட்டும்போது திடீரென்று கெட்டியாகிக் கண்ணாடிபோல மாறும். மாவின் நுண்ணிய மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி உடைந்து, உள்ளே சுருண்டிருந்த மாச்சத்துச் சங்கிலிகள் வெளியே வருகின்றன. தாளில் தடவியபின் நீர் ஆவியாகிவிடும். மிஞ்சும் சங்கிலிகள் மஞ்சள்தூளைத் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். நன்றாகக் கொதித்தால் அவை அழியும்.

ஆறிய கூழைச் சிறு கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் கலக்குங்கள். ஒரு கிண்ணத்தில் மட்டும் சிறிது ஆப்ப சோடா தூவுங்கள். மஞ்சள் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கி, மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்த லிட்மஸ் தாளைப்போல, காரத்தில் நிறம் மாறக்கூடியது. நுரை வருவது கரியமில வாயுவால். கல்யாண வீட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக ஆலம் எடுப்பார்களே, அதுவும் இதே வேதிமாற்றம்தான். ஆனால் சுண்ணாம்பு கடுங்காரம். சின்னக் கைகளுக்கும் கண்களுக்கும் ஆகாது. ஆப்ப சோடாவே போதும்.

நீலம் வேண்டுமானால் சங்குப்பூ இருக்கிறது. மலாயில் புங்கா தெலாங் என்பார்கள். பெரானாக்கான் பலகாரங்களில் காணும் நீலம் இந்தப் பூவினுடையதுதான். வெந்நீரில் போட்டால் நிறம் முழுவதும் நீரில் கரைந்துவிடும். மஞ்சள்தூளோ நீரில் கரையாமல் துகளாகவே மிதக்கும். சாயத்துக்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

எந்த மஞ்சள்தூள் என்பதில்தான் கவனம் வேண்டும். தேக்காவில் ஒரே கடையில் சமையல் மசாலை ஓர் அலமாரியிலும் பூசைப் பொருள்கள் மற்றோர் அலமாரியிலும் இருக்கும். பூசை மஞ்சள், குங்குமம், செந்தூரம், ஹோலிப் பொடி ஆகியவை உணவாக விற்கப்படுபவை அல்ல. சில செந்தூரப் பொடிகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. எனவே உண்பதற்கென்று மூடி முத்திரையிட்டு விற்கும் மஞ்சள்தூளை மட்டும் வாங்குங்கள்.

உணவு மஞ்சளிலும் ஏமாற்று நடந்ததுண்டு. பங்ளாதேஷில் மங்கிய மஞ்சள் கிழங்கைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட் பூசினார்கள். ஈயக் குரோமேட் வேறொன்றுமில்லை, ஒரு காலத்தில் ஓவியர்களும் சாயத் தொழிற்சாலைகளும் விரும்பிப் பயன்படுத்திய பளிச்சிடும் மஞ்சள் நிறமிதான். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு ஆய்வாளர்களும் இதை வெளிக்கொணர்ந்தபின், 2019ல் அரசாங்கம் நடவடிக்கையில் இறங்கியது. அவ்வாண்டு சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021ல் ஒன்றில்கூட இல்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளரும் எலும்புக்குக் கால்சியம் தேவை. ஈயம் கால்சியத்தைப்போலவே உடலுக்குள் நுழைந்து எலும்பிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்குக் கிடையாது.

கடைச் சாயத்தைப்போல நம் குழம்பு நீடிக்காது. நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். நாற்றமோ புள்ளியோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை போகவில்லை என்று அம்மா கோபித்தால், துவைத்த சட்டையை வெயிலில் காயப்போடுங்கள். வெளிச்சம் பட்டால் குர்க்குமின் சிதைந்து நிறமிழக்கும்.

அதையே ஒரு சோதனையாகவும் செய்து பார்க்கலாம். தம்பி தீட்டிய தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெயில் படும் சன்னலில் ஒட்டுங்கள், மற்றதைத் தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, எது எவ்வளவு வெளுத்தது என்று தம்பியையே சொல்லச் சொல்லுங்கள்.