அவசரப்படுத்தும் மின்னஞ்சல்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இணையம் புதியதன்று. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே கணினி வழியாகத்தான் நடைபெறுகின்றது. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகளின் செய்தியும், வங்கியின் அறிவிப்பும் நம் கைப்பேசிக்கே வருகின்றன. அதே வழியில் ஏமாற்றுவோரும் வருகின்றனர்.

அருட்பணியாளர், ஆயர் ஆகியோரின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, நற்பணிக்கு உதவ வேண்டும் எனக் கேட்கும் மோசடி குறித்து, 2019-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் எச்சரித்தது. இங்கே இரக்கமே தூண்டில். நம் நாட்டிலோ, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகின்றனர். சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை என 2024 அக்டோபரில் பிரதமர் வானொலி உரையில் தெளிவுபடுத்தினார். அங்கே அச்சமே தூண்டில். இரண்டிலும் நம்மைச் சிந்திக்கவிடாத அவசரம் உள்ளது.

எனவே, பணம் கேட்டு மடல் வந்தால், அனுப்பியவரின் பெயரோடு முழு முகவரியையும் பார்ப்போம். கணக்கே களவு போயிருக்கலாம் என்பதால், மடலுக்குப் பதில் எழுதாமல், நாம் ஏற்கெனவே அறிந்த எண்ணில் அவரையே அழைத்துக் கேட்போம். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் சொல்லாதிருப்போம்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். திருடர் பணத்தை எடுக்கும் முன்பே அதை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தால் மௌனம் காத்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். இதனை நம் அன்பியக் கூட்டங்களில், குறிப்பாகத் தனியே வாழும் முதியோருக்கு, எடுத்துச் சொல்வோம். அதுவும் பிறரன்புப் பணியே.