தாம்பரத்திலிருந்து ஏரிக்கரை ஊர்களுக்கு ஒரு நாள்

பக்கத்து ஊர்கள் – 6

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய குடியிருப்புகள் செங்கல்பட்டு வரை ஏறக்குறைய விடாமல் தொடர்கின்றன. பாலாற்றைத் தாண்டியதும் ஏரி, கரை, மதகு, அதன் கீழே வயல், வயலை ஒட்டி ஊர் என்று நிலத்தின் அமைப்பு மாறுகிறது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத இப்பகுதியில், பருவமழை நீரை ஏரிகளில் தேக்கித்தான் வேளாண்மை நடந்துவந்திருக்கிறது. எனவே இங்குள்ள கிராமங்களைப் பார்க்க விரும்புவோர் ஏரியை மையமாக வைத்துத் திட்டமிடுவது நல்லது. வேடந்தாங்கலையும் உத்திரமேரூரையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

எப்போது போவது?

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பறவைகளும் இருக்கும், சம்பா நெல் விளைந்து அறுவடையாவதையும் காணலாம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டால் பறவைகள் வருவதில்லை. அதனால் நீர் நிலவரத்தை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாட்களில் கூட்டம் மிகுதி. வார நாள் என்றால் நிதானமாகப் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 30 கி.மீ. விடியற்காலை மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பரனூரைக் கடந்ததும் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி தெரியும். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் பக்கம் போகும் பேருந்தில் படாளம் கூட்டுரோட்டில் இறங்கினால், அங்கிருந்து வேடந்தாங்கல் சுமார் 12 கி.மீ. உள்ளூர்ப் பேருந்துகள் குறைவு என்பதால் இறங்கிய உடனே திரும்பும் பேருந்தின் நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் செங்கல்பட்டிலிருந்து வாடகை வண்டி வசதியானது.

காலை: வேடந்தாங்கல்

இங்குள்ள பறவைகள் சரணாலயம் முழுவதுமே சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஊர் ஏரிதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். ஊராரின் அக்கறைக்குக் காரணம் உண்டு: பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காமல் இருப்பது இவ்வூரின் வழக்கம். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

வெயில் ஏறுமுன் கரையில் நடந்தால் நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவற்றைக் காணலாம். நத்தைகுத்தி நாரையின் அலகை இருநோக்கியில் கவனிக்க வேண்டும். நுனி சேர்ந்திருந்தாலும் நடுவில் இடைவெளி இருக்கும். வயல் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் பறவை இது. உரக்கப் பேசுவதும் பறவைகளை விரட்டிப் படமெடுப்பதும் கூடவே கூடாது.

பிற்பகல்: உத்திரமேரூர்

மதிய உணவுக்குப் பின் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தல் முறையை விரிவாகச் சொல்பவை இவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். தகுதி வயது 35 முதல் 70 வரை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் விலக்கப்பட்டனர். இப்படி அமைந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு 6 உறுப்பினர்கள். ஏரியைக் காப்பது அன்றே ஊராரின் ஆட்சிப் பொறுப்பாக இருந்தது என்பதற்கு இக்கல்வெட்டே சான்று. எழுத்து தெரிவதற்காக அதன்மீது சுண்ணாம்போ மாவோ பூசுவது கல்லைக் கெடுக்கும்.

சுந்தரவரதப் பெருமாள் கோயில் உச்சிவேளைக்குப் பின் நடை சாத்தி மாலையில் திறக்கும். மூன்று தளங்களில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் பெருமாளைத் தரிசிக்கலாம்.

திரும்புதல்

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் வந்து மின்சார ரயிலைப் பிடிக்கலாம். சொந்த வண்டியில் வருவோர் ஞாயிறு மாலையில் பரனூர் சுங்கச்சாவடி நெரிசலைக் கணக்கில் கொள்ள வேண்டும். சாலையில் நெல் காயவைத்திருந்தால் அதன்மேல் வண்டியை ஏற்றாமல் ஒதுங்கிப் போக வேண்டும். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வதும், குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும், டீயும் சாப்பாடும் உள்ளூர்க் கடைகளில் வாங்குவதும் அந்த ஊர்களுக்கு நன்மை.

(தொடரும்)