சாலைப் பராமரிப்பும் ஸ்தல ஸ்தாபன வரவு-செலவும்

சாலை போடுவது ஒருமுறைச் செலவு. அதைக் காப்பது ஆண்டுதோறும் நேரும் செலவு. முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, பின்னதற்கு இல்லை. ஆகவே பணமுடை நேரும்போது பராமரிப்புத் தொகையிலேயே முதலில் கைவைக்கப்படுகிறது. இதன் விளைவு யாது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அனுபவம் தக்க சான்றாகும்.

கவுண்டியின் வருவாய்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி எனப்படும். அது நம் மாவட்டத்தை ஒருவாறு ஒத்தது. மிச்சிகனில் 83 கவுண்டிகள் உள்ளன; நாட்டுப்புறச் சாலைகளைக் காப்பது பெரும்பாலும் அவற்றின் பொறுப்பு. எரிபொருள் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் பொது நிதியொன்றில் சேர்க்கப்பட்டு, 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலம், கவுண்டிகள், நகரங்கள் ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன.

இவ்வரி விலையில் இத்தனை சதவீதம் என்றில்லாமல், காலனுக்கு இத்தனை சென்ட் என்று விதிக்கப்பட்டது. 1997 முதல் 2016 முடியப் பெட்ரோல் வரி 19 சென்டாகவே நின்றது. இதற்கிடையில் தார், சரளை, கூலி யாவும் ஏறின. 2010-ஆம் ஆண்டையொட்டிப் பல கவுண்டிகள் சிதைந்த தார்ச் சாலைகளைப் பெயர்த்துப் பொடித்து, மீண்டும் சரளைச் சாலைகளாக்க நேர்ந்தது. 2017 ஜனவரியில் வரி 26.3 சென்டாக உயர்ந்தது. 2022 முதல் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் அதைத் திருத்தும் முறையும் வந்தது.

சாலை சிதைவது எவ்வாறு?

சாலையின் பகைவர் இருவர்: நீர், பளு. மேற்பரப்பின் வெடிப்பு வழியே இறங்கும் நீர் அடித்தளத்தை இளக்குகிறது. மிச்சிகனில் குளிர்காலத்தில் இந்நீர் மண்ணுக்குள் உறைகிறது. வசந்தத்தில் மேலடுக்கு உருகியபின்னும் கீழடுக்கு உறைந்தே இருப்பதால், நீர் வடிய வழியின்றி அடித்தளம் சேறாகிறது. ஆதலால் அப்பருவத்தில், வலுக்குறைந்த தார்ச் சாலைகளில் அனுமதிக்கப்படும் அச்சுப் பளு 35 சதவீதம் குறைக்கப்படுகிறது.

பளுவின் தன்மையை 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனை விளக்கிற்று. சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சுப் பளுவின் நான்காம் அடுக்கை ஏறத்தாழ ஒட்டி வளர்கிறது. பளு இருமடங்கானால் சேதம் இருமடங்கன்று. 2-ஐ நான்கு முறை பெருக்கிவரும் 16 மடங்காகும். வகுப்பில் மாணவர்க்கு எளிதில் விளக்கத்தக்க கணக்கு இது.

எதை முதலில் செப்பனிடுவது?

மிச்சிகனில் தார்ச் சாலைகளைக் கண்ணால் பார்வையிட்டு, 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகின்றனர். 10 என்பது புதுச் சாலை. 1 என்பது அடியோடு கெட்டது. நடுத்தர மதிப்புள்ள சாலைக்கு வெடிப்பை அடைப்பதும், தார் தெளித்துப் பொடிக்கல் பரப்புவதும் போதும். அடித்தளம் கெட்டபின்னரோ முழுவதையும் தோண்டிப் புதிதாகப் போடவேண்டும், செலவு பன்மடங்காகிறது.

மிகக் கெட்ட சாலையையே முதலில் எடுத்துக்கொண்டால், நிதி முழுவதும் சில மைல்களில் கரைந்துவிடும். அதற்குள் நல்ல சாலைகள் கெட்டுப்போகும். எனவே நல்லவற்றைக் காக்க ஒரு பங்கை முதலில் ஒதுக்குவதே சிக்கனம். ஆயினும் குழிகள் நிறைந்த சாலையில் பால் வண்டியும் பள்ளி வண்டியும் ஓட்டுவோர்க்கு இவ்வாதம் ஆறுதல் அளிக்காது. தங்கள் சாலை ஏன் காத்திருக்கிறது என்பதை அவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைக் காட்டி விளக்குவது நிர்வாகத்தின் கடமை.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், 5 ஆண்டுப் பராமரிப்பும் கட்டுமான ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்படுகிறது. அக்காலம் முடிந்தபின் சாலையின் கதி, உரிய தொகை ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவதைப் பொறுத்தது. அதற்கு ஆதாரம் களப் பணியாளரின் குறிப்பேடே. மழைக்கு முன் வடிகாலையும் மதகையும் தூர்வாரி, வெடிப்புகளைத் தேதியுடன் குறித்து வைப்பாராயின், சிறு செலவில் பெருஞ்செலவு தவிர்க்கப்படும்.