வழுக்கும் தரை: தொழிலாளியின் கவனக்குறைவா, பராமரிப்பின் குறைபாடா?

தொழிற்சாலை விபத்து என்றதும் கொதிகலன் வெடிப்பு, தீ, இயந்திரத்தில் சிக்கிய கை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவரைப் பற்றிய செய்தி நாளிதழில் இடம்பெறுவது அரிது. ஆனால், எதிர்பாராத காயங்களால் நேரும் உயிரிழப்புகளுக்கான காரணங்களில், சாலை விபத்துகளுக்கு அடுத்ததாகக் கீழே விழுதலையே உலக சுகாதார அமைப்பு குறிப்பிடுகிறது. வீடு, வீதி, பணியிடம் என அனைத்தையும் சேர்த்து ஆண்டுதோறும் சுமார் 6.84 லட்சம் பேர் இவ்வாறு உயிரிழப்பதாக அந்த அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

பணியிடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் முதலில் எழும் கேள்வி, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதுதான். விபத்துப் பதிவேட்டிலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதிய பிறகு தரையை யாரும் ஆராய்வதில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் மற்றொருவர் விழுகிறார்.

கால் ஏன் வழுக்குகிறது?

நடக்கும்போது முன்வைக்கும் காலின் குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் உடல் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். போதிய உராய்வு இல்லையெனில் கால் முன்னால் சறுக்கும். இரண்டு, மூன்று செ.மீ. சறுக்கலை உடல் தானாகவே சரிசெய்துகொள்கிறது. நடப்பவர் அதை உணர்வதுகூட இல்லை. சறுக்கல் சுமார் 10 செ.மீ. அளவை எட்டினால் சமநிலையை மீட்பது கடினம். உடல் பின்புறமாகச் சாய்வதால் இடுப்பு, முதுகுத்தண்டு, பின்தலை, ஊன்றும் மணிக்கட்டு ஆகியவை அடிபடுகின்றன. சுமை தூக்கிச் செல்பவருக்குக் கையை ஊன்றும் வாய்ப்பும் இல்லை. கையில் கொதிக்கும் எண்ணெய்ப் பாத்திரம் இருந்தால் விழுதலோடு தீக்காயமும் சேர்ந்துகொள்கிறது.

ஈரமான தரையில், பாதணிக்கும் தரைக்கும் இடையே திரவத்தின் மெல்லிய படலம் சிக்கிக்கொள்கிறது. தரையின் நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைத் துளைத்துப் பாதணியைத் தொட்டால் மட்டுமே பிடிமானம் கிடைக்கும். திரவம் எவ்வளவு பிசுபிசுப்பாக உள்ளதோ, அவ்வளவு சொரசொரப்பு தேவை. பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தூய நீர் சிந்தும் இடத்துக்குச் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்பு போதுமானது. எண்ணெய் சிந்தும் இடத்துக்குச் சுமார் 70 மைக்ரான் வேண்டும்; இது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். வரவேற்பறைக்குப் பொருந்தும் ஓடு, உணவகச் சமையலறைக்கோ மீன் பதப்படுத்தும் கூடத்துக்கோ பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் தரை ஓடுகள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்தே வாங்கப்படுகின்றன. கடையில் ஓடு உலர்ந்திருக்கும். உலர்ந்த நிலையில் ஏறக்குறைய எல்லா ஓடுகளும் பாதுகாப்பானவைதாம். வாங்குபவர் கேட்க வேண்டியது, ஈரத்தில் அதன் பிடிமானம் எவ்வளவு என்பதை. சில ஓடுகளின் பெட்டிகளில் ஆர்9 முதல் ஆர்13 வரையிலான தரக்குறியீடு இருக்கும். எண்ணெய் பூசிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கச் செய்து, சாய்வைப் படிப்படியாக உயர்த்தி, எந்தக் கோணம் வரை அவரால் பாதுகாப்பாக நிற்க முடிகிறது என்று பார்க்கும் ஜெர்மானிய முறை இது. ஆர்9 ஓடு 6 முதல் 10 டிகிரி வரை மட்டுமே தாங்கும். ஆர்13 ஓடு 35 டிகிரிக்கும் மேல் தாங்கும். ஆனால், இது புதிய ஓட்டுக்கான அளவீடு. பல ஆண்டுகள் தேய்ந்த தரையை, ஊசல் கருவியைக் கொண்டு அதே இடத்தில் சோதிக்கலாம். அந்தச் சோதனையில் 36 அல்லது அதற்கு மேல் மதிப்பு கிடைத்தால் வழுக்கும் அபாயம் குறைவு. 25-க்குக் கீழ் இருந்தால் அபாயம் அதிகம்.

துடைப்பதே அபாயமாகும்போது

தரையை மாற்றுவது செலவு மிக்கது. துடைக்கும் முறையை மாற்றுவதற்கு அவ்வளவு செலவில்லை. எனினும், பல நிறுவனங்கள் கவனம் செலுத்தாத இடம் இதுவே.

வழவழப்பான தரையை ஈரத் துணியால் துடைத்தால், நன்கு பிழிந்த துணியாக இருந்தாலும், மெல்லிய நீர்ப்படலம் எஞ்சும். தரை உலரும் வரை அது வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தரையை வெறும் நீரால் துடைப்பது பிசுக்கைப் பரப்பவே செய்கிறது. சோப்புக் கரைசலை அளவுக்கு மேல் ஊற்றினால் அதுவே எச்சமாகப் படிந்து, அடுத்த முறை ஈரம் பட்டதும் வழுக்கலை உண்டாக்குகிறது. கரைசலைச் சரியான அளவில் கலந்து, பிசுக்கு இளக சில நிமிடங்கள் விட்டு, தேய்த்து, கழுவி, வைப்பரால் நீரை வடிகாலுக்குத் தள்ளுவதே முறை. கழிப்பறையைத் துடைத்த மாப்பைச் சமையலறைக்கும் பயன்படுத்துவது வேறொரு சிக்கல். அது தனிக் கட்டுரைக்குரியது.

எப்போது துடைப்பது என்பதும் முக்கியம். காலைப் பணிமுறைத் தொழிலாளர்கள் நுழையும் நேரத்திலேயே நடைபாதை முழுவதும் ஈரமாக இருந்தால், அது நேர அட்டவணையின் பிழை. பாதையின் ஒரு பாதியைத் துடைத்து, உலர்ந்த பிறகு மறுபாதியைத் துடைக்கலாம். 'ஈரத் தரை' என்ற மஞ்சள் பலகை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால், ஓரிரு நாட்களில் அதை யாரும் பார்ப்பதில்லை. தரை உலர்ந்ததும் பலகையை அகற்றுவதும் துடைப்பவரின் பணியாக வேண்டும்.

மழைக்காலத்தில் நுழைவாயிலில் விரிக்கப்படும் சாக்கு, நனைந்தவுடன் தானே வழுக்கத் தொடங்குகிறது. அதன் சுருக்கத்தில் கால் தடுக்குவதும் உண்டு. நான்கைந்து அடிகள் எடுத்து வைக்கும் நீளத்துக்கு, அடிப்பகுதி நகராத மிதியடி வேண்டும். நீர் மட்டுமே காரணம் என்றும் கொள்ளக் கூடாது. அரிசி ஆலையின் தவிடு, மருந்து ஆலையின் நுண்தூள், கிடங்கில் கிடக்கும் பிளாஸ்டிக் உறை ஆகியவையும் உலர்ந்த தரையில் காலை வாரிவிடும்.

தேய்ந்த ஹவாய் செருப்போடு ஈரத் தரையில் வேலை செய்வது பல சமையலறைகளில் வழக்கம். பாதுகாப்புப் பாதணிகளுக்கு ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. எனினும், தரமான பாதணியின் அடிப்பகுதியும் தேய்ந்தால் அல்லது பள்ளங்களில் பிசுக்கு அடைத்தால் பயன் தராது.

சட்டம் கூறுவது என்ன?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, தரை, படிக்கட்டு, நடைபாதை ஆகியவற்றை உறுதியாகக் கட்டிப் பராமரிப்பதோடு, வழுக்கச் செய்யும் பொருள்களும் தடைகளும் இன்றி வைத்திருக்க வேண்டும் என்று கூறியது. நீர் தேங்கும் தரைகளுக்கு வடிகால் வசதி வேண்டும் என்பதை 11-ஆவது பிரிவு வலியுறுத்தியது. ஆனால், அச்சட்டம் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. காயம் விளைவிக்கக்கூடிய அபாயங்கள் இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது வேலை அளிப்பவரின் கடமை என்கிறது இச்சட்டம். பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. பாதணிக்கான தொகையை ஊதியத்தில் பிடித்தம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விபத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாமல் போனால், அதை உரிய அதிகாரிக்குத் தெரிவிப்பது கட்டாயம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவருக்கு, பணியின்போது நேர்ந்த காயத்தால் உண்டாகும் தற்காலிக இயலாமைக் காலத்தில் ஊதியத்தில் 90 சதவீதம் வழங்கப்படுகிறது. இதற்குக் குறைந்தபட்ச சந்தாக் காலம் எதுவும் தேவையில்லை. பணியில் சேர்ந்த முதல் நாளில் விழுந்தவருக்கும் உரிமை உண்டு. ஆனால், விழுந்தது பணியிடத்தில்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பி, மறுநாள் சொந்தச் செலவில் எக்ஸ்ரே எடுக்கும்போது, பதிவேட்டில் அந்த விபத்து இருப்பதில்லை.