பருவநிலை மாற்றம்: பாதாம், முந்திரிக்கு இனி இடம் எங்கே?

புதுதில்லி: மக்களவையில் 2026 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், விளைச்சல் குன்றிய பழைய அக்ரூட், பாதாம், சில்கோசா தோட்டங்களைப் புதுப்பிக்கவும், அடர்நடவு முறையை விரிவாக்கவும் தனித் திட்டம் கொண்டு வரப்படும் என்று அறிவித்தார். முந்திரிக்கும் தனித் திட்டம் உண்டு. ஆனால், இன்று நடப்படும் கன்று காய்க்கும் பருவத்தை எட்டும்போது அந்த நிலத்தின் குளிரும் மழையும் அதற்கு ஏற்றதாக இருக்குமா என்பதே தோட்டக்கலை விஞ்ஞானிகளின் கவலை.

விதையிலிருந்து வளரும் அக்ரூட் காய்க்கப் பத்தாண்டுகள் வரைகூட ஆகும். ஒட்டுக்கன்று என்றாலும் நான்கைந்து ஆண்டுகள், அதாவது ஒரு மக்களவையின் ஆயுள்காலம்.

குளிர்ப்பகுதி மரங்கள் இலையுதிர்த்துக் குளிர்காலத்தில் உறங்குகின்றன. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒருசேர விழிக்கும். குளிர் போதாவிட்டால் பூப்பு முன்பின்னாகச் சிதறி, காய்ப்பிடிப்பு குறையும்.

நாட்டின் அக்ரூட் விளைச்சலில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜம்மு-காஷ்மீரில் கிடைக்கிறது. அங்கு டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்தை 'சில்லை கலான்' என்பர். 2024 ஜனவரியில் அக்காலத்திலேயே குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் பனியின்றிக் காய்ந்து கிடந்தன. பனி இல்லையேல் கோடையில் ஓடைகளிலும் நீர் இல்லை.

இதில் அதிகம் அடிபடுவது பாதாம். பாசன வசதி இல்லாத 'கரேவா' மேட்டு நிலங்களே அதன் இருப்பிடம். அக்ரூட்டைவிடக் குறைந்த குளிரே அதற்குப் போதும் என்பதால், சற்று வெப்பம் தட்டியதும் முந்திப் பூத்துவிடுகிறது. பின்னர் மார்ச்சில் உறைபனி இறங்கினால் பூ கருகும். மழை பிடித்தால் தேனீக்கள் பறப்பதில்லை. பெரும்பாலான பாதாம் ரகங்கள் வேறு ரகத்தின் மகரந்தம் இன்றிக் காய்ப்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

காஷ்மீரில் 2006-07-ல் 16 ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகமாக இருந்த பாதாம் பரப்பு, 2019-20-ல் அதில் பாதிக்கும் கீழே சரிந்தது. இதற்கு வானிலையை மட்டும் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. ஆப்பிள் தரும் லாபம் பலரை ஈர்த்தது. கலிஃபோர்னியப் பருப்பின் போட்டியும் உண்டு. அமெரிக்க பாதாம், அக்ரூட் மீது 2019 ஜூனில் விதிக்கப்பட்ட கூடுதல் வரியை 2023 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கிக் கொண்டது.

பழைய தில்லியின் காரி பாவ்லி சந்தைக்கு மூட்டை மூட்டையாக பாதாம் அனுப்பும் கலிஃபோர்னியாவும் நிம்மதியாக இல்லை. அம்மாநிலப் பள்ளத்தாக்கில் பல பழ, பருப்பு மரங்களுக்குப் போதிய குளிர் கிடைக்கும் பரப்பு இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 50 முதல் 75 சதவீதம் வரை சுருங்கலாம் என 2009-ல் வெளியான ஆய்வு கணித்தது. ஆக, இறக்குமதியை நம்பி இருந்துவிடலாம் என்ற கணக்கும் நீண்ட நாள் செல்லாது.

மரங்களை மேட்டுக்கு ஏற்றினால் என்ன? ஹிமாசலப் பிரதேசத்தில் குலுவின் தாழ்ந்த பகுதிகளில் நலிந்த ஆப்பிள், லாஹௌல்-ஸ்பிதி வரை ஏறிவிட்டது. ஆனால் மேலே செல்லச் செல்லச் சாகுபடி நிலம் குறுகும், சரிவு கூடும். காலந்தாழ்த்திப் பூக்கும் ரகங்களே பாதாமுக்குக் கைகொடுக்கும்.

முந்திரியின் சிக்கல் நேர்மாறானது. அதற்குக் குளிர் ஆகாது. பூக்கும் மாதங்களில் வறண்ட வானிலை வேண்டும். தமிழகத்தில் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் பூப்பின்போது பருவம் தப்பிய மழையும் மேகமூட்டமும் வந்தால் தேயிலைக் கொசு எனும் பூச்சி பெருகி, பூங்கொத்துகள் கருகுகின்றன. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல், தலைமுறை கண்ட முந்திரி மரங்களையே வேரோடு சாய்த்தது.

தோட்டப் பயிர்களுக்கும் பொருந்தும் வகையில் 2016-ல் திருத்தியமைக்கப்பட்ட வானிலை அடிப்படையிலான காப்பீட்டுத் திட்டம், ஒரு பருவத்தின் மழை, வெப்பம், காற்று ஆகியவற்றையே கணக்கில் கொள்கிறது. நட்ட இடமே பத்தாண்டுகளில் மரத்துக்கு ஒவ்வாமல் போனால் விவசாயிக்கு யார் ஈடு செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.