உப்புக் காற்றும் வீட்டுச் சுவரும்

மரக்காணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உப்பு. புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் கோடைக்காலத்தில் பிரயாணம் செய்வோர், வெயிலில் பளபளக்கும் பாத்திகளையும் வரப்போரத்து வெண் குவியல்களையும் காணாமல் போக முடியாது. அந்த உப்பு நம் உணவுக்கு உயிர். ஆனால் அது வீட்டுச் சுவரிலே குடியேறிவிட்டால் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமன்று. ஐப்பசியில் மழை பிடித்ததும் உப்பளத்தில் வேலை நின்றுவிடுகிறது. சுவரில் வேலை ஆரம்பமாகிறது.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அந்நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும். சுவர் குடித்த நீரோ அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் நீரிலுள்ள மக்னீசிய உப்போ அதைவிட வறண்ட காற்றிலும் கசியும். எனவே உப்பேறிய செங்கல், மழையே இல்லாத இரவிலும் நனைகிறது. பகலில் உலர்ந்து காரையைப் பொரித்துத் தள்ளுகிறது. அந்த ஓதத்தில் வர்ணப் பூச்சும், மர அலமாரியும், புத்தகமும் பூசணத்துக்கு விருந்தாகின்றன.

பூசணம் பார்வைக்கு அசிங்கம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அதன் நுண்ணிய வித்துக்கள் காற்றில் மிதந்து சுவாசத்தோடு உட்செல்கின்றன. ஓதமேறிய வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா முதலிய உபாதைகள் அதிகம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் எடுத்துரைக்கிறது. ஒற்றை அறை வீட்டில், ஈரச் சுவரை ஒட்டிப் பாய் விரித்துத் துயிலும் குழந்தைகளே இதற்கு முதலில் இலக்காகின்றனர்.

இக்காலத்தில் பட்டணங்களில் வீட்டுக் காற்றைப் பரீட்சை செய்து கொடுக்கும் நிபுணர்கள் தோன்றியிருக்கிறார்கள். சிறு பம்பினால் காற்றை உறிஞ்சி, ஒட்டும் கண்ணாடியில் வித்துக்களைப் பிடித்து, பூதக்கண்ணாடியில் எண்ணிச் சொல்லுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆயினும் நேயர்கள் ஒன்றை மறக்கலாகாது. இத்தனை வித்து இருந்தால் அபாயம், இத்தனைக்குள் இருந்தால் க்ஷேமம் என்று வரையறுத்த கணக்கு எதுவும் இல்லை. மேற்சொன்ன நூலும் அப்படியோர் எண்ணை விதிக்கவில்லை. ஓதத்தைத் தடுப்பதே வழி என்கிறது. கண்ணுக்கெதிரே சுவர் கறுத்திருக்கும்போது, எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதைவிடக் காரணத்தைத் தேடுவதே மேல்.

உப்புக் கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுவரில் இரண்டு முட்களை ஊன்றி ஈரம் பார்க்கும் மின்சாரக் கருவி, உண்மையில் அளப்பது மின்சாரம் பாயும் தன்மையை. உப்பும் மின்சாரத்துக்கு வழிவிடுவதால், கருவி உள்ளதைவிட மிகுதியான ஈரத்தைக் காட்டிவிடும். அதை நம்பிச் சுவரை இடித்தவர் வீண் செலவு செய்தவராவார். சுவரில் துளையிட்டு எடுத்த தூளை நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க முறை.

நிபுணரை அழைப்பதானால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வீட்டுக்கு வெளியிலுள்ள காற்றையும் அதே வேளையில் எடுத்து ஒப்பிடுகிறாரா? ஈரம் எவ்வழியாக வந்தது என்று எழுதித் தருவாரா? பரீட்சை செய்பவரே மருந்தும் பூச்சும் விற்பவரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், வேறொருவரையும் கலந்துகொள்வது விவேகம்.

அதற்குமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். கரைந்தால் உப்பு, கரையாமல் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் பூசணம் என்று சந்தேகிக்கலாம். உப்பை ஈரத்துணியால் துடைத்தால் அது மறுபடி சுவருக்குள்ளேயே புகும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டி வாரி வெளியே எறிய வேண்டும். பத்துச் சதுர அடிக்குட்பட்ட பூசணத்தை, மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரால் தேய்த்து உலர்த்திவிடலாம். நனைந்த பொருளை இரண்டு நாட்களுக்குள் காயவைத்தால் பூசணம் பெரும்பாலும் தலையெடுக்காது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் புதுப் பூச்சினால் கறையை மறைப்பது நம்மவர் வழக்கம். காற்றுப் புகாத எண்ணெய்ப் பூச்சும் சிமெண்டுப் பூச்சும் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துகின்றன. நம் முன்னோர் பூசிய சுண்ணாம்போ சுவரை மூச்சுவிடச் செய்தது. புது வீடு எழுப்புவோர், கடற்கரை மணலையும் உவர்நீரையும் கலவையில் சேர்க்க இடங்கொடுக்கலாகாது. அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் ஏறாதபடி தடுப்புப் படலம் இடுமாறு கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கூரை வேய்ந்த பிறகு அதைச் செய்வது பன்மடங்கு செலவு.