டெல்லிக் குளிரும் வெப்பப் பம்பும்

தமிழ்நாடு இல்லம் அமைந்துள்ள சாணக்யபுரியிலும் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு அது கடுமையே. ஆயினும் மூடிய அறையில் கரி அங்கீட்டி மூட்டி உறங்காதீர்கள். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

நெருப்பில்லாத வழி ஒன்று உண்டு. ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏ.சி. என்று கடைகளில் விற்கப்படுவது வெப்பப் பம்பே. சாதாரண ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்தில் 1 யூனிட் வெப்பமே தரும். வெப்பப் பம்போ வெப்பத்தை உண்டாக்காமல், வெளிக்காற்றிலிருந்து உள்ளே கடத்துகிறது. அதிலுள்ள திரவம் வெளியே ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அழுத்த மேலும் சூடேறி, அறைக்குள் மீண்டும் திரவமாகி அவ்வெப்பத்தை விட்டுவிடுகிறது. ஆகவே 1 யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். வெளியே குளிர் மிகுந்தால் இது குறையும்.

வாங்குமுன் அறையின் அளவு, மின் இணைப்பின் தாங்குதிறன், நட்சத்திரக் குறியீடு ஆகியவற்றைக் கவனியுங்கள். கதவு, சன்னல் இடுக்குகளை முதலில் அடையுங்கள். வாடகை வீடாயின் சுவரில் துளையிட உரிமையாளரின் அனுமதி தேவை. கோடையில் குளிரூட்டவும் ஏ.சி. வாங்க எண்ணியிருப்போருக்கே இச்செலவு தகும். மற்றவர்க்கு நல்ல ரஜாயே போதும்.